ஜெசிந்தன் ஓடாத நேரம்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் அன்று காலையிலிருந்து பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தன. தவமணி வீட்டின் அழைப்புமணி அடித்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்தவர் பேனாட். வாசலில் நின்ற இளைஞனின் தோள்கள் கதவு நிலையை நிறைத்தன. முகம் மட்டும் சிறுபிள்ளையின் முகம் போல் வெளிறிக் கிடந்தது.

"தவமணி அன்ரி இருக்கிறாவோ? நான் ஜெசிந்தன். இக்காஸ்டிலையிருந்து வாறன்."

பேனாட் கிரின்ஸ்டெட்டில் டாக்சி ஓட்டுபவர். தவமணியின் தங்கையைக் கட்டியவர். தவமணிக்குக் கார் ஓட்ட வராது. பேனாட்டுக்குச் சும்மா இருக்க வராது. அதனால் அவள் எடுக்கும் விசாரணைகளுக்கெல்லாம் அவர் கூடவே அலைந்தார்.

"அமெரிக்காவிலை கல்லூரிக்கு ஃபுட்போல் விளையாடுற பொடியன் நீர்தானே!" என்று அவர் கத்தியேவிட்டார். "அக்கா, இவரை ஏப்ரலிலை பெரிய அணியள் எடுக்கப்போகினம் எண்டு ஊரெல்லாம் கதை. போன கிழமை ஓடின ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லா இடமும் பேச்சு!"

ஜெசிந்தன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். தவமணி தேநீரை அவன் முன்னே வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் காத்திருந்தாள். காப்புறுதி நிறுவனமொன்றில் விபத்துக் கோரிக்கைகளை நீண்டகாலம் விசாரித்தவள் அவள். பேசவேண்டியவர்கள் தாமாகவே பேசுவார்கள் என்பது அவள் அனுபவம்.

"அன்ரி, என்னட்டை ஒருத்தரும் களவெடுக்கேல்லை," என்றான் அவன் கடைசியில். "எனக்கு ஒரு நேரத்தைத் தந்திட்டினம். அது என்ரை இல்லை."

கதை இதுதான். பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி விளையாடும் அமெரிக்க ஃபுட்போலில் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் தெரிவுசெய்யுமுன், ஒவ்வொருவனும் நாற்பது யார், அதாவது ஏறக்குறைய முப்பத்தேழு மீற்றர் தூரத்தை எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்று பார்ப்பார்கள். ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு ஒருவனின் வாழ்க்கையையே மாற்றிவிடும். கல்லூரியில் அந்தச் சோதனை நடந்தபோது ஜெசிந்தனுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதனால் இக்காஸ்டில் அவனுடைய பழைய பயிற்சியாளர் தோர்பன் உள்ளரங்கு ஒன்றில் தனியே ஒரு சோதனைநாள் ஏற்பாடு செய்தார். ஆறு பேர் ஓடினார்கள். ஆளுக்கு இரண்டு தடவை.

"முதல் தரம் எனக்கு 4.58 செக்கன். அதுதான் நான். எத்தினையோ வருசமா ஓடுறன், என்ரை காலை எனக்குத் தெரியும். ரெண்டாந்தரம் 4.36. எப்பிடிச் சொல்ல... அது நடக்காத காரியம், அன்ரி."

"இதை உம்மடை பயிற்சியாளரிட்டைச் சொன்னனீரோ?"

"சொல்ல முதல் அவர் எல்லா அணிக்கும் அனுப்பிப்போட்டார். வாற செவ்வாய் ஒரு அணியிலையிருந்து ரெண்டு பேர் என்னைப் பார்க்கவெண்டே பிளேன் ஏறி வருகினம். அவைக்கு முன்னாலை 4.58 ஓடினால் நான் கள்ளன். இப்பவே பிழை எண்டு சொன்னால், ஆர் செய்தது எண்டு கேப்பினம். நேரம் பதியிற ஐபாட் என்ரை தங்கச்சி மிதுஷாவின்ரை கையிலைதான் இருந்தது." அவன் கைகளைப் பிசைந்தான். "ஓடினாலும் பிடிபடுவன், ஓடாட்டியும் பிடிபடுவன். வீட்டிலை எல்லாரும் சந்தோசமா இருக்கினம். நான் அறைக்குள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறன்."

தவமணி அவனுடைய கைப்பேசியில் இருந்த எண்களைப் பார்த்தாள். நேரம் அளந்த கருவி, பத்தாவது யாரிலும் இருபதாவது யாரிலும் முடிவிலும் தனித்தனியே நேரம் காட்டியிருந்தது. இரண்டு ஓட்டங்களிலும் பத்து யாருக்குப் பிந்திய நேரம் ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் முழுவதும் முதல் பத்து யாரில்தான்.

"உமக்குப் பிறகு ஆரும் ஓடினவையோ?"

"இல்லை. நான்தான் கடைசி. மற்றவை ரெண்டு தரமும் ஓடி முடிய, நெருப்பு அலாரம் அடிச்சது. கபேயிலை ஆரோ பாணை எரிச்சுப்போட்டினம். எல்லாரும் மழைக்குள்ளை கார் நிறுத்திற இடத்திலை நிண்டுபோட்டு, திரும்பி உள்ளை வந்துதான் நான் ரெண்டாந்தரம் ஓடினனான்."

"நாளைக்கு உங்கடை வீட்டை வாறம்," என்றாள் தவமணி.

மறுநாள் இக்காஸ்டில் அவர்களை வரவேற்றவர் ஜெசிந்தனின் தகப்பன் நேசரட்ணம். துணி ஆலையில் பின்னேர வேலை பார்ப்பவர். உரத்த குரல், பெரிய சிரிப்பு. மகன் இவர்களை ஒரு பழைய நண்பரின் உறவினர்கள் என்று அறிமுகப்படுத்தியதை அவர் நம்பினாரோ இல்லையோ, உபசாரத்தில் குறை வைக்கவில்லை. மனைவி இன்பமலர் றோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். மிதுஷா சோபாவின் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்து, தாய் தமிழில் கேட்டதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை சபையிலை சாட்சி சொன்னனான், தங்கச்சி," என்றார் நேசரட்ணம். "முழுச் சபையும் எழும்பி நிண்டு ஸ்தோத்திரம் பண்ணினது. மற்றப் பொடியளைவிடக் கூட ஓடியும் பிள்ளைக்கு இந்த நேரம் வந்ததெண்டால் அது அற்புதமில்லாமல் வேறை என்ன? கர்த்தர் நினைச்சால் ஆராலும் தடுக்கேலாது."

சொல்லும்போது அவர் குரல் ஏறியது. கண்கள் மட்டும் மகன் பக்கம் திரும்பவேயில்லை. தவமணி றோல்சைப் பிட்டபடி தலையசைத்தாள்.

"அலாரம் அடிக்கேக்கை நல்லா நனைஞ்சிருப்பியள், என்னண்ணை?"

"அதையேன் கேக்கிறியள்! நான் இவவின்ரை ஜாக்கெட் எடுக்கவெண்டு திரும்பிப் போய், கடைசியாத்தான் வெளியிலை வந்தனான்."

சற்றுப் பின், தேநீர் ஊற்ற வந்த இன்பமலரோடு தவமணி குசினிக்குள் போனாள். "அண்டைக்குப் பிடிச்ச தடிமன் இன்னும் விடேல்லை, அக்கா," என்றாள் இன்பமலர், மூக்கை உறிஞ்சியபடி. "ஜாக்கெட்டை மேலை ஆக்கள் இருந்து பாக்கிற கலரியிலை விட்டிட்டு ஓடிவந்திட்டன். உள்ளை போக விடும்வரைக்கும் மெல்லிய பிளவுசோடை நிண்டு விறைச்சுப்போனன்."

மகனின் இரண்டு ஓட்டங்களையும் மேலிருந்து கைப்பேசியில் படம் பிடித்தவள் இன்பமலர் என்று தெரிந்ததும், தவமணி அவற்றைக் காட்டச் சொன்னாள்; பேனாட்டும் வந்து எட்டிப் பார்த்தார். தாய் மகனை மட்டுமே பெரிதாக்கிப் பிடித்திருந்தாள்: குனிந்த முதுகு, தரையில் ஊன்றிய விரல்கள், கீழே பல நிறக் கோடுகள். முதல் ஓட்டத்தில் அவன் விரல்கள் ஒரு சிவப்புக் கோட்டை மறைத்திருந்தன. இரண்டாவதில் அந்தச் சிவப்புக் கோடு முழுதாகத் தெரிந்தது.

"இந்தச் சிவப்பு என்ன?"

"பட்மின்டன் கோடு," என்றாள் குசினி வாசலில் வந்து நின்ற மிதுஷா, முதன்முறையாகத் தமிழில். தாய் அடுப்புப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, நீங்க ஏன் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். ஐபாட்டிலை ஒரு நம்பரும் தட்டேலாது. மெஷின் தானாத்தான் எழுதும். நான் செய்யேல்லை."

"நீ செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை."

காரில் ஏறியதும் பேனாட் பொறுக்கமாட்டாமல் தொடங்கினார். "தங்கச்சி இல்லையெண்டால் கோச்தான், அக்கா. தன்ரை கிளப்புக்குப் பேர் வரவெண்டு செய்திருப்பார்."

"அலாரம் அடிச்ச உடனை முதல் ஆளா வெளியிலை போய், எல்லாரையும் எண்ணினவர் அவர். இண்டைக்குக் காலமை அரங்கப் பொறுப்பாளரிட்டைப் போனிலை கேட்டனான்."

"சரி. அந்த வீடியோவிலை வெளிக்கிடுற கோடு பின்னாலை போனமாதிரி எனக்கும் தெரிஞ்சது. ஆனால் அதாலை என்ன? கோடு பின்னாலை போனால் ஓடுற தூரம் கூடும். நேரமும் கூடும். குறையாதே!"

"எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம்," என்றாள் தவமணி. "அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டு வாறன்."

அரங்கில் அவர்களுக்காகக் காத்திருந்தவன் பிரெய்ன். ஜெசிந்தனின் பள்ளித் தோழன், அதே நாளில் ஓடியவன். தன் நேரம் நண்பனுடையதை நெருங்கக்கூட இல்லை என்பதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். தொடக்கக் கோட்டை நீல ஒட்டுநாடாவால் போட்டவன் அவன்தான். கருவியின் இரு கம்பங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும். அதற்கு நேர் கீழே நாடாவை ஒட்டவேண்டும்.

"கத்தரிக்கோலாலை வெட்டி, நல்லா அழுத்தி ஒட்டினனான். பின்னேரம் கழட்டேக்கை ஒரு நுனி சுருண்டு கிடந்தது. ஆரோ கால் தட்டியிருப்பினம் எண்டு நினைச்சன்."

"அலாரம் அடிக்கேக்கை நீர் எங்கை?"

"நான் ஓடி முடிச்சு உடுப்பும் மாத்திட்டன். மிதுஷாவோடையும் இன்பமலர் அன்ரியோடையும் ஒண்டா வெளியிலை போனனான்."

"ஓடத் தொடங்கச் சொல்லி ஆரும் விசில் ஊதிறேல்லையோ?"

"இல்லை, அன்ரி. நாங்கள் விரும்பின நேரம் வெளிக்கிடலாம். உடம்பு லேசரை வெட்டினாப்பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும்."

பேனாட் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தவமணி அவரைப் பார்த்தாள். அவர் இடுப்பளவையும் பார்த்தாள். "பேனாட், நாளைக்கு ஓடுற சப்பாத்து ஒண்டு கொண்டுவாரும்," என்றாள்.

சனிக்கிழமை காலை, அரங்கின் வெறுமையில் எட்டுப் பேர் கூடினார்கள். தோர்பன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பேச்சு எழுந்ததே தனக்கு அவமானம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மிதுஷா தாயின் கையைப் பிடித்திருந்தாள். பிரெய்ன் கம்பங்களை நட்டு முடித்தான். ஜெசிந்தன் தனியே, சுவரில் முதுகை ஒட்டியபடி நின்றான். நேசரட்ணம் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரையும் பொலிசிலை குடுக்க நான் வரேல்லை," என்று தவமணி தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல மிதுஷா தோர்பனுக்கு டேனிஷில் சொன்னாள். "செவ்வாய்க்கிழமைக்கு முதல் இந்தப் பிள்ளைக்கு உண்மை தெரியவேணும். அவ்வளவுதான். பேனாட், வாரும்."

பேனாட் வெட்கத்தோடு முன்னே வந்தார். தொடக்கக் கம்பங்களுக்கு நேர் கீழே நீல நாடா ஒட்டியிருந்தது. பத்தாவது யாரில் இன்னொரு சோடிக் கம்பங்கள். அவர் குனிந்து விரலை ஊன்றி, பெருமூச்சு விட்டு ஓடினார். மிதுஷா எண்ணை வாசித்தாள்: 2.41.

தவமணி நாடாவை உரித்தாள். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை தரையில் வைத்து அளந்து, ஒரு முழம் பின்னால் அதை மறுபடி ஒட்டினாள். கம்பங்களைத் தொடவில்லை. "இப்ப ஒருக்கா ஓடும். தூரம் கூட. களைப்பும் கூட."

பேனாட் ஓடினார். முடிவில் இருமினார். மிதுஷா திரையைப் பார்த்தாள், தமையனைப் பார்த்தாள், பிறகுதான் வாசித்தாள்.

"2.13."

தோர்பன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"கோடு சரியான இடத்திலை இருந்தால், உடம்பு அசைஞ்ச உடனை மணிக்கூடும் தொடங்கும்," என்றாள் தவமணி. "கோடு ஒரு முழம் பின்னாலை இருந்தால், ஓடுறவர் அந்த ஒரு முழத்தையும் மணிக்கூட்டுக்குத் தெரியாமல் ஓடிவிடுவார். லேசரை வெட்டேக்கை அவர் ஏற்கனவே வேகம் எடுத்திட்டார். ஓட்டத்திலை ஆகக் கடினமான பகுதி நிண்ட இடத்திலையிருந்து கிளம்பிறது. அந்த நேரம் கணக்கிலை வராது. ஜெசிந்தன் அண்டைக்கு மற்ற எல்லாரையும்விடக் கூடத் தூரம் ஓடினவர். அதாலைதான் நேரம் குறைஞ்சது."

வாங்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நேசரட்ணம் எழுந்து நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு முழுவதும் வடிந்திருந்தது.

"அப்ப... அது அற்புதம் இல்லையோ?"

"இல்லை, அண்ணை," என்றாள் தவமணி மெதுவாக. "மெஷின்."

பேனாட் மூச்சிரைக்க இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரோ? மகனை வெல்லவைக்கவோ செய்தவர்?"

"வெல்லவைக்க நினைச்சிருந்தால் இந்த மெஷினைப் பற்றித் தெரிஞ்சிருக்கவேணும், பேனாட். கோச்சுக்குத் தெரியும். மிதுஷாவுக்கும் பிரெய்னுக்கும் தெரியும். ஆனால் அவை மூண்டு பேரும் அந்த நேரம் மழைக்குள்ளை நிண்டவை. அண்ணை கடைசியா வந்தவர். ஜாக்கெட் எடுக்கப் போனனெண்டு சொன்னவர். ஜாக்கெட் வெளியிலை வரேல்லை. எனக்கு அதைவிட ஒரு சொல்லுத்தான் உறுத்தினது. 'மற்றப் பொடியளைவிடக் கூட ஓடியும்' எண்டு சொன்னியள், அண்ணை. எல்லாரும் ஓடினது ரெண்டு தரம். ஒரே நாற்பது யார். இவர் கூட ஓடினவர் எண்டு, கோட்டைத் தள்ளி ஒட்டின ஆளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆள் தூரம் கூடினால் நேரமும் கூடும் எண்டு நம்பின ஆள். இவர் தோற்கவேணும் எண்டு நினைச்ச ஆள்."

இன்பமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெசிந்தன் சுவரிலிருந்து விலகி வந்தான்.

"அப்பா? நீங்களோ? நீங்கள்தானே என்னைச் சின்னனிலையிருந்து..."

"ஓமடா." நேசரட்ணத்தின் உரத்த குரல் எங்கோ போய்விட்டது. "வேலை இடத்திலை ஒருத்தன் போனிலை ஒரு வீடியோ காட்டினான். உன்ரை மகன் தானே எண்டு கேட்டான். ஒருத்தன் வந்து மோதிறான், நீ விழுறாய். எழும்பேல்லை. எல்லாரும் சுத்தி முழங்காலிலை நிக்கிறாங்கள். நீ எழும்பேல்லையடா. நீ போனிலை எங்களுக்குச் சொன்னது கொஞ்சம் தலைச்சுத்து எண்டு."

ஜெசிந்தன் தரையைப் பார்த்தான்.

"அதுக்குப் பிறகு நான் நித்திரை கொள்ளேல்லை. ஆனால் ஆரிட்டைச் சொல்ல? ஊர் முழுக்க நான்தானே சொல்லித் திரிஞ்சன், என்ரை பிள்ளை அமெரிக்காவிலை பெரிய ஆள் எண்டு. சபையிலை உபவாசம் இருந்து செபிக்கினம். நான் எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது? அலாரம் அடிக்க எல்லாரும் ஓடினாங்கள். அந்த நீலக் கோடு தனியாக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒட்டினால் நீ பிந்துவாய், அவங்கள் உன்னை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்." அவர் வாங்கில் மறுபடி உட்கார்ந்தார். "நேரம் குறைஞ்சு வந்திட்டுது. கர்த்தர் என்ரை கையைத் தட்டிவிட்டார் எண்டு நினைச்சுப்போட்டன். அவரே போகச் சொல்லுறார், இனி நான் வாய் திறக்கக்கூடாது எண்டு நினைச்சன்."

தோர்பன் மிதுஷா சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தன் தகப்பனுக்கு முன்னே நின்றான். "சொல்லியிருக்கலாம், அப்பா. கேட்டிருக்கலாம். நான் ஒரு கிழமையா இந்த நம்பருக்குள்ளை கிடந்து செத்தன். மிதுஷாவைக் கள்ளி எண்டு சொல்லியிருப்பாங்கள்."

"தெரியும்."

"இன்னும் கேக்கேல்லை நீங்கள்."

நேசரட்ணம் நிமிர்ந்தார். அவருக்கு அந்தக் கேள்வியை வார்த்தையாக்க நேரம் எடுத்தது. "தம்பி... உனக்குப் போக விருப்பமோ?"

"விருப்பம்," என்றான் ஜெசிந்தன். "சரியான விருப்பம். அந்த அடிக்குப் பிறகு பயமும் இருக்கு. ரெண்டும் இருக்கு, அப்பா."

தவமணி பேனாட்டின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அதற்குமேல் அங்கே அவர்களுக்கு வேலை இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த இருவரிடமும் ஜெசிந்தன் முதலிலேயே சொன்னான்: இரண்டாவது நேரம் பிழையான கோட்டிலிருந்து ஓடியது, அதை அழித்துவிடுங்கள் என்று. கோட்டை நகர்த்தியது தான்தான் என்று நேசரட்ணம் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னபோது, அவர்களில் மூத்தவர் அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, தனக்கும் மகன்கள் இருப்பதாக மட்டும் சொன்னார். ஜெசிந்தன் 4.55 ஓடினான். ஓஹூஸ் மருத்துவமனையில் அவன் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். விளையாடலாம், ஆனால் இன்னொரு பெரிய அடி பட்டால் அத்தோடு நிறுத்திவிடவேண்டும் என்றார்கள். ஏப்ரலில் நடந்த தெரிவில் எந்த அணியும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. மறுநாள் மூத்தவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய அணியின் கோடைகாலப் பயிற்சி முகாமில் ஓர் இடம் இருந்தது. வந்து தன்னை நிரூபிக்கலாம், உத்தரவாதம் எதுவும் இல்லை.

அவன் புறப்பட்ட நாளில் பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் பெட்டிகளை ஏற்றி வந்தது பேனாட்டின் டாக்சிதான். தவமணியும் வந்திருந்தாள். சபையிலிருந்து பாதிப்பேர் திரண்டிருந்தார்கள், கையில் பெயர் எழுதிய அட்டைகளோடு. பாஸ்டர் குருசுமுத்து செபத்தை முடித்துவிட்டு நேசரட்ணத்தின் தோளில் கைவைத்தார்.

"தகப்பன் ஒரு சாட்சி சொல்லட்டும்."

எல்லோரும் அந்த உரத்த குரலுக்காகக் காத்திருந்தார்கள். நேசரட்ணம் கூட்டத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"எனக்குப் பயமாக்கிடக்கு," என்றார்.

கூட்டத்தில் யாரோ 'ஆமென்' என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். ஜெசிந்தன் தோள்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து தகப்பனைக் கட்டிக்கொண்டான். விமானத்துக்குக் கடைசி அழைப்பு வரும்வரை அவர் அவனை விடவில்லை; அவனும் விடச் சொல்லவில்லை.